பிரெஞ்சு அமிழ்வுக் கல்வி: கனடாவின் தொடக்கப் பள்ளிகளும் மாணவர் ஆதரவுச் சேவைகளும்

பிரெஞ்சு அமிழ்வுக் கல்வி என்பது பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டிராத பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் கற்பித்து, அதன் வழியாக அந்த மொழியைக் கற்றுத்தரும் முறையாகும். ஆங்கிலத்தில் 'இம்மர்ஷன்' எனப்படும் இம்முறை 1965ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மாண்ட்ரியால் நகரை அடுத்த செயின்ட் லாம்பர்ட் என்னும் சிற்றூரில் 26 குழந்தைகளுடன் தொடங்கியது. 2010களின் நடுப்பகுதியில் இம்முறையில் படிக்கும் கனடிய மாணவர்களின் எண்ணிக்கை 4 இலட்சத்தைத் தாண்டியது. இரண்டாம் மொழி கற்பித்தலில் உலக அளவில் மிக அதிகமாக ஆராயப்பட்ட திட்டங்களுள் இதுவும் ஒன்று.

இத்திட்டத்தின் வெற்றி பரவலாக அறியப்பட்டது. அதனோடு சேர்ந்தே வளர்ந்த ஒரு கேள்வி அந்த அளவுக்கு அறியப்படவில்லை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை, பேச்சு வளர்ச்சி தாமதமான பிள்ளை, கவனக் குறைவுள்ள பிள்ளை ஆகியோருக்கு அமிழ்வு வகுப்பில் இடம் உண்டா? உண்டு என்றால் அவர்களுக்கு யார், எந்த மொழியில் உதவுவது? அமிழ்வுக் கல்வியின் வரலாற்றில் பாதி இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

அமிழ்வு முறையும் அதன் வகைகளும்

வழக்கமான மொழி வகுப்பில் பிரெஞ்சு ஒரு பாடம். ஒரு நாளில் 20 முதல் 40 நிமிடம் வரை இலக்கணமும் சொற்களும் கற்பிக்கப்படும். அமிழ்வு வகுப்பில் பிரெஞ்சு பயிற்றுமொழி ஆகிறது. கணக்கு, அறிவியல், ஓவியம், உடற்பயிற்சி ஆகிய அனைத்தும் பிரெஞ்சில் நடக்கும். ஆசிரியர் எப்போதும் பிரெஞ்சிலேயே பேசுவார். தொடக்க மாதங்களில் குழந்தைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லலாம். அதற்காக அவர்கள் தண்டிக்கப்படுவதில்லை. சைகை, படம், பாட்டு, திரும்பத் திரும்பச் செய்யும் அன்றாடச் செயல்கள் ஆகியவற்றின் துணையோடு பொருள் விளங்கவைக்கப்படுகிறது.

தொடங்கும் வயதைக் கொண்டு அமிழ்வுக் கல்வி மூன்று வகைப்படும். மழலையர் வகுப்பிலோ முதல் வகுப்பிலோ தொடங்குவது தொடக்கநிலை அமிழ்வு. 4 அல்லது 5ஆம் வகுப்பில் தொடங்குவது இடைநிலை அமிழ்வு. 6 அல்லது 7ஆம் வகுப்பில் தொடங்குவது பிந்தைய அமிழ்வு. தொடக்கநிலை அமிழ்வில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஏறத்தாழ முழு நேரமும் பிரெஞ்சில் நடக்கும். பின்னர் ஆங்கிலப் பாடம் சேர்க்கப்பட்டு, 5 அல்லது 6ஆம் வகுப்பை அடையும்போது இரு மொழிகளும் சம அளவில் வருவது வழக்கம். மாநிலத்துக்கு மாநிலம், வாரியத்துக்கு வாரியம் இந்த அளவு மாறுபடும். கனடாவில் கல்வி மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதே இதற்குக் காரணம்.

பின்னணி

கியூபெக்கில் மக்கள்தொகையின் ஐந்தில் நான்கு பங்கினர் பிரெஞ்சு பேசுபவர்கள். ஆயினும் 1960 வரை அம்மாநிலத்தின் வங்கிகளும் பெரிய தொழில் நிறுவனங்களும் ஆங்கிலத்தில்தான் இயங்கின. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஆராய்ந்த அரசு ஆணையம், கியூபெக்கில் 14 இனப் பிரிவுகளின் வருமானத்தை ஒப்பிட்டபோது பிரெஞ்சு வம்சாவளியினர் 12ஆம் இடத்தில் இருப்பதைக் கண்டறிந்தது. சொந்த மாநிலத்திலேயே பெரும்பான்மையினர் பின்தங்கியிருந்த இந்த நிலைக்கு எதிராக எழுந்த மாற்றமே 'அமைதிப் புரட்சி' எனப்படுகிறது. 1960இல் ஜான் லெசாஜ் தலைமையிலான அரசு பதவியேற்றதோடு அது தொடங்கியது. 1963இல் நடுவண் அரசு இருமொழி, இருபண்பாட்டு ஆணையத்தை அமைத்தது.

கியூபெக்கின் ஆங்கிலக் குடும்பங்களுக்கு இது ஓர் எச்சரிக்கையாக அமைந்தது. பிரெஞ்சு தெரியாமல் அம்மாநிலத்தில் வாழ்வதும் வேலை தேடுவதும் இனி எளிதல்ல என்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஆங்கிலப் பள்ளிகளில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு படித்தவர்களால்கூடக் கடையில் பொருள் கேட்டு வாங்க இயலவில்லை. பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கே அனுப்புவதும் எளிதாக இல்லை. கியூபெக் பள்ளிகள் அப்போது மொழி அடிப்படையில் அல்லாமல் சமய அடிப்படையில் கத்தோலிக்க வாரியம், புராட்டஸ்டண்ட் வாரியம் எனப் பிரிந்திருந்தன. பிரெஞ்சுப் பள்ளிகள் பெரும்பாலும் கத்தோலிக்க வாரியத்திடம் இருந்தன. ஆங்கிலேயக் குடும்பங்களில் பலவும் புராட்டஸ்டண்ட் வாரியத்தைச் சேர்ந்தவை. சமயப் பிரிவினை 1998இல்தான் நீங்கி மொழிவாரி வாரியங்கள் வந்தன.

செயின்ட் லாம்பர்ட் பெற்றோர்

செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் மாண்ட்ரியாலுக்கு எதிரே அமைந்தது செயின்ட் லாம்பர்ட். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத ஊர். 1963இல் அவ்வூரின் ஆங்கிலேயப் பெற்றோர் சிலர் கூடிப் பேசினர். ஓல்கா மெலிக்காஃப், மூரியல் பார்க்ஸ், வேலரி நீல் ஆகிய மூன்று தாய்மார்கள் அக்குழுவில் முன்னின்றனர். தங்கள் பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே பிரெஞ்சில் படிக்கட்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

உள்ளூர்ப் பள்ளி வாரியம் முதலில் இதை ஏற்கவில்லை. தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்கும் முன்பே பிள்ளையை வேற்று மொழியில் போடுவது அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது அக்காலக் கல்வியாளர் பலரின் நம்பிக்கை. பெற்றோர் சளைக்காமல் தங்கள் செலவில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய பிரெஞ்சு வகுப்புகளை நடத்தினர். வாரியக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து சென்றனர். அறிஞர்களின் துணையையும் நாடினர்.

அவர்களுக்குக் கைகொடுத்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் மாண்ட்ரியால் நரம்பியல் கழகத்தை நிறுவிய மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட். சிறுவயதிலேயே வேற்று மொழி கற்பது நல்லது என்பது அவர் கருத்து. மற்றவர் மெக்கில் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட். இவர் எலிசபெத் பீல் என்பவருடன் சேர்ந்து மாண்ட்ரியாலின் 10 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 1962இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார். இருமொழி அறிந்த பிள்ளைகள் அறிவுத் தேர்வுகளில் ஒருமொழிப் பிள்ளைகளை விட மேலாகச் செய்தனர் என்பது அதன் முடிவு. இருமொழி அறிவு பிள்ளைகளைக் குழப்பும் என்ற பழைய கருத்துக்கு அது பெரும் மறுப்பாக அமைந்தது.

முதல் வகுப்பு

வாரியம் அரைமனத்துடன் இணங்கி, 1965 செப்டம்பரில் ஒரு மழலையர் வகுப்பைச் சோதனை முயற்சியாகத் திறந்தது. 26 இடங்களும் சேர்க்கை தொடங்கிய சில நிமிடங்களிலேயே நிரம்பின. அடுத்தடுத்த ஆண்டுகளில் புதிய குழுக்கள் சேர்ந்தன. முதற்குழு மேல் வகுப்புக்குச் சென்றது.

வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் இப்பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்தனர். ஆங்கிலப் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் ஒருபுறமும், பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் பிரெஞ்சுப் பிள்ளைகள் மறுபுறமும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். முடிவுகள் 1972இல் நூலாக வெளிவந்தன.

முதல் வகுப்பின் இறுதியில் அமிழ்வுப் பிள்ளைகள் ஆங்கில வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப்படாததால் இது எதிர்பார்த்ததே. இரண்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் சேர்ந்தபின் அந்த இடைவெளி விரைவாகக் குறைந்தது; மேல் வகுப்புகளில் மறைந்தது. பிரெஞ்சில் படித்த கணக்கை ஆங்கிலத்தில் சோதித்தபோதும் அவர்கள் தாழவில்லை. பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு நிகராகப் பேசவில்லை என்றாலும், வழக்கமான பிரெஞ்சுப் பாடம் படித்தவர்களை விடப் பன்மடங்கு முன்னேறியிருந்தனர்.

இதற்குக் காரணம் கூறும்போது லாம்பர்ட் இரு சொற்களைப் பயன்படுத்தினார். சமூகத்தில் மதிப்பும் வலிமையும் பெற்ற தாய்மொழியை உடைய பிள்ளை இரண்டாம் மொழியைக் கற்கும்போது முதல் மொழி குறைவதில்லை, புதியது கூடுகிறது. இது கூட்டல் இருமொழியம். சிறுபான்மை மொழி பேசும் பிள்ளை, தன் மொழிக்கு இடமில்லாத பள்ளியில் பெரும்பான்மை மொழியைக் கற்கும்போது முதல் மொழி தேய்கிறது. இது கழித்தல் இருமொழியம். அமிழ்வு வெற்றிபெற்றதற்கு அப்பிள்ளைகளின் ஆங்கிலம் வீட்டிலும் தெருவிலும் தொலைக்காட்சியிலும் அசையாமல் இருந்ததே அடிப்படை.

நாடெங்கும் பரவுதல்

1969இல் பியர் ட்ரூடோ அரசு அலுவல் மொழிகள் சட்டத்தை நிறைவேற்றியது. நடுவண் அரசுப் பணிகளில் இருமொழி அறிவின் தேவை கூடியது. 1970 முதல் மொழிக் கல்விக்காக நடுவண் அரசு மாநிலங்களுக்கு நிதி வழங்கத் தொடங்கியது. தலைநகர் ஒட்டாவாவிலும் டொராண்டோவிலும் அமிழ்வு வகுப்புகள் திறக்கப்பட்டன. டொராண்டோவின் ஒன்டாரியோ கல்வி ஆய்வுக் கழகத்தில் மெரில் ஸ்வெய்ன், ஷரன் லாப்கின் ஆகியோர் நடத்திய தொடர் ஆய்வுகள் செயின்ட் லாம்பர்ட் முடிவுகளை உறுதிசெய்தன.

1977இல் 'பிரெஞ்சுக்கான கனடியப் பெற்றோர்' என்ற அமைப்பு உருவானது. அதே ஆண்டில் கியூபெக் அரசு 101ஆம் சட்டம் எனப்படும் பிரெஞ்சு மொழிச் சாசனத்தைக் கொண்டுவந்தது. 1980களில் அமிழ்வு வகுப்புகள் பசிபிக் கரையிலிருந்து அட்லாண்டிக் கரை வரை பரவின. சில ஊர்களில் சேர்க்கைக்காகப் பெற்றோர் இரவு முழுவதும் பள்ளி வாசலில் வரிசையில் நின்றனர். சில வாரியங்கள் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தன.

குறைகளும் வெளிப்பட்டன. அமிழ்வு மாணவர்கள் கேட்டும் படித்தும் நன்கு புரிந்துகொள்கிறார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீடிக்கின்றன என்று 1985இல் ஸ்வெய்ன் எழுதினார். பெயர்ச்சொற்களின் ஆண்பால், பெண்பால் வேறுபாடும் வினைச்சொல் காலங்களும் அவர்களுக்கு ஆண்டுகள் கழிந்தும் வசப்படவில்லை. மொழியைக் கேட்டால் மட்டும் போதாது, அதை ஆக்கிப் பழக வேண்டும் என்ற அவரது கருத்து மொழி கற்பித்தல் துறையில் நிலைபெற்றது.

தடுமாறும் பிள்ளை: 1970களின் விவாதம்

முதல் குழுக்களில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வகுப்பைச் சேர்ந்த, கல்வியில் அக்கறை கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள். திட்டம் விரிந்தபோது எல்லா வகைப் பிள்ளைகளும் வந்தனர். எந்தப் பள்ளியிலும் இருப்பது போல அவர்களில் ஒரு பகுதியினர் வாசிப்பில் தடுமாறினர். ஆசிரியர் பெற்றோரை அழைத்து, பிள்ளையை ஆங்கில வகுப்புக்கு மாற்றிவிடுமாறு கூறுவது வழக்கமாயிற்று.

இந்த வழக்கத்துக்கு ஆய்வின் துணையும் கிடைத்தது. ஒட்டாவாவைச் சேர்ந்த நரம்பியல் உளவியலாளர் ரொனால்ட் ட்ரைட்ஸ், அமிழ்வில் தோற்ற பிள்ளைகளை 1970களின் நடுவில் ஆராய்ந்தார். மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதி சிறிது தாமதமாக வளர்ச்சியடையும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் ஆங்கில வகுப்பில் நன்றாகவே படிப்பார்கள், ஆனால் சிறுவயது அமிழ்வு அவர்களுக்கு ஏற்றதல்ல. முன்கூட்டியே அடையாளம் கண்டு மாற்றிவிடுவது நல்லது என்று அவர் வாதிட்டார்.

மாண்ட்ரியாலில் பணியாற்றிய மேகி புரூக் இதை ஏற்கவில்லை. மாற்றிவிடப்பட்ட பிள்ளைகளை மட்டும் பார்ப்பதால் உண்மை தெரியாது என்பது அவர் கருத்து. எனவே அவர் ஒப்பீட்டுக்கு நான்கு குழுக்களை எடுத்துக்கொண்டார். மொழி வளர்ச்சியில் குறையுள்ள பிள்ளைகள் அமிழ்வில் ஒரு குழு, ஆங்கில வகுப்பில் ஒரு குழு. குறையற்ற பிள்ளைகள் அமிழ்வில் ஒரு குழு, ஆங்கில வகுப்பில் ஒரு குழு. இவர்களை மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்தார்.

1982இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. குறையுள்ள பிள்ளைகள் எங்கே படித்தாலும் மெதுவாகவே கற்றனர். ஆனால் அமிழ்வில் படித்த குறையுள்ள பிள்ளைகள், ஆங்கில வகுப்பில் படித்த அதே போன்ற பிள்ளைகளை விட ஆங்கிலத்திலோ பிற பாடங்களிலோ தாழ்ந்திருக்கவில்லை. கூடுதலாகப் பிரெஞ்சும் ஓரளவு கற்றிருந்தனர். அதாவது தடுமாற்றத்துக்குப் பிரெஞ்சு காரணமன்று. பிள்ளை அந்தத் தடுமாற்றத்தை எந்த வகுப்புக்கும் தன்னோடு எடுத்துச் செல்கிறது.

1985இல் புரூக் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். மாற்றப்பட்ட பிள்ளைகளும், அதே அளவு தடுமாறியும் அமிழ்விலேயே இருந்த பிள்ளைகளும் அதில் ஒப்பிடப்பட்டனர். மதிப்பெண்ணில் அல்லாமல், பள்ளி மீதுள்ள மனப்பான்மையிலும் நடத்தையிலுமே இரு குழுவினரும் வேறுபட்டனர். மாற்றியபின் சிக்கல்கள் தீர்ந்துவிடவும் இல்லை. ஆங்கில வகுப்பிலும் அப்பிள்ளைகள் தொடர்ந்து இடர்ப்பட்டனர். எனவே வகுப்பை மாற்றுவது தீர்வாகாது, இருக்கும் வகுப்பிலேயே உதவி கிடைக்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை.

மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் ஜெனிசியும் இதே திசையில் ஆராய்ந்தார். அறிவுத் தேர்வில் சராசரிக்குக் கீழ் உள்ள அமிழ்வு மாணவர்கள், ஆங்கில வகுப்பில் உள்ள ஒத்த மாணவர்களுக்குச் சமமாகவே ஆங்கிலத்தில் செய்தனர். பிரெஞ்சை எழுதுவதிலும் வாசிப்பதிலும் அறிவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கேற்ப வேறுபாடு இருந்தாலும், பேசிப் பழகுவதில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அவர் காட்டினார்.

ஆதரவுச் சேவைகளும் அவற்றின் தட்டுப்பாடும்

கனடியத் தொடக்கப் பள்ளியில் மாணவர் ஆதரவு என்பது பல பணிகளை உள்ளடக்கியது. தனியாகவோ சிறு குழுவாகவோ அழைத்துக் கற்பிக்கும் சிறப்பாசிரியர், வகுப்பிலேயே உடனிருந்து உதவும் கல்வி உதவியாளர், பேச்சுப் பயிற்சியாளர், சோதனைகள் நடத்தும் பள்ளி உளவியலாளர், மனநல ஆலோசகர் ஆகியோர் இதில் அடங்குவர். வகுப்பாசிரியர் ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலை தெரிவித்தால், இவர்கள் பெற்றோருடன் கூடிப் பேசித் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றை எழுதுவார்கள். கூடுதல் நேரம், பெரிய எழுத்து, கணினி உதவி, குறைக்கப்பட்ட வீட்டுப்பாடம் போன்றவை அதில் குறிக்கப்படும்.

அமிழ்வு வகுப்பில் இந்த ஏற்பாடு பல இடங்களில் தடைப்பட்டது. முதலாவது, பிரெஞ்சு பேசும் சிறப்பாசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் கியூபெக்குக்கு வெளியே மிகக் குறைவு. அமிழ்வு வகுப்பாசிரியர்களுக்கே தட்டுப்பாடு நிலவுவதை அலுவல் மொழிகள் ஆணையரின் அலுவலகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. இரண்டாவது, கணிப்புக் கருவிகள் பொருந்தவில்லை. ஆங்கிலத் தேர்வுகள் ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகளைக் கொண்டு தரப்படுத்தப்பட்டவை. பிரெஞ்சுத் தேர்வுகள் வீட்டில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகளைக் கொண்டு தரப்படுத்தப்பட்டவை. அமிழ்வுப் பிள்ளை இரண்டிலும் சேராது. மூன்றாவது, காத்திருத்தல். முதல் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைப் பார்த்து, பிரெஞ்சு புதிது என்பதால் தாமதம், ஆங்கிலம் தொடங்கியபின் பார்க்கலாம் என்று ஆசிரியர்கள் விட்டுவிடுவது உண்டு. இதனால் வாசிப்புப் பயிற்சிக்கு மிகச் சிறந்த இரண்டு மூன்று ஆண்டுகள் வீணாகின்றன.

விளைவாகப் பெற்றோர் ஒரு கடினமான தெரிவுக்குத் தள்ளப்பட்டனர். பிரெஞ்சு வேண்டுமா, உதவி வேண்டுமா என்பதே அது. தோழர்களை விட்டு, சில நேரங்களில் பள்ளியையே விட்டு வேறு இடம் செல்லும் ஏழு எட்டு வயதுப் பிள்ளை, தன்னால் முடியாததால் அனுப்பப்பட்டோம் என்ற எண்ணத்தோடு செல்கிறது. வசதியுள்ள பெற்றோர் தனிப்பயிற்சிக்குப் பணம் செலுத்திப் பிள்ளையை அமிழ்விலேயே வைத்துக்கொண்டனர். வசதியற்றவர்களால் அது இயலவில்லை. கட்டணமில்லாத தனியார் பள்ளி என்று அமிழ்வு வகுப்பை விமர்சிப்பவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

சட்டமும் உரிமையும்

ஒன்டாரியோ மாநிலம் 1980இல் 82ஆம் மசோதா எனப்படும் சட்டத்திருத்தத்தின் மூலம், சிறப்புத் தேவையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கல்வியை அளிப்பது பள்ளி வாரியங்களின் கடமை என்றாக்கியது. அதுவரை அது வாரியங்களின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. 1985இல் கனடிய உரிமைச் சாசனத்தின் 15ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து, உடல், மனக் குறைபாட்டின் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது என்பதை அரசியலமைப்பு உரிமையாக்கியது.

2012 நவம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம் மூர் வழக்கில் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிஸ்லெக்ஸியா எனப்படும் கடுமையான வாசிப்புக் குறைபாடு கொண்ட ஒரு மாணவனுக்குத் தேவையான தீவிரப் பயிற்சி மையத்தை நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மூடியது பாகுபாடு என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கட்டடத்தின் சாய்தளம் எப்படியோ, குறைபாடுள்ள பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி அப்படி என்பது அத்தீர்ப்பின் சாரம். வழக்கு அமிழ்வு வகுப்பைப் பற்றியது அன்று. எனினும் உதவி என்பது சலுகை அன்று, கல்விக்குள் நுழையும் வழி என்ற கொள்கை அமிழ்வு வகுப்புக்கும் பொருந்தும் என ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர்.

2011இல் நான்சி வைஸ் வெளியிட்ட கட்டுரை அமிழ்வில் சிறப்புக் கல்வி கிடைக்காததை நேரடியாகச் சமத்துவப் பிரச்சினையாக முன்வைத்தது. 2015இல் ஒன்டாரியோ கல்வி அமைச்சகம், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களைப் பிரெஞ்சுத் திட்டங்களில் சேர்த்துக் கற்பிப்பதற்கான வழிகாட்டி நூலை வெளியிட்டது. பிரெஞ்சுக் கல்வி எல்லா மாணவர்களுக்கும் உரியது என்பது அதன் அடிப்படை. 2022இல் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் வெளியிட்ட வாசிப்பு உரிமை அறிக்கை, மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நியூ பிரன்சுவிக் சர்ச்சை

கனடாவில் அரசியலமைப்பின்படி இருமொழி மாநிலம் நியூ பிரன்சுவிக் ஒன்றே. ஆதரவுச் சேவைப் பிரச்சினை அங்கு 2008இல் அரசியல் மோதலாக வெடித்தது. அமிழ்வு வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும், ஆங்கில வகுப்பில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் குவிந்துவிட்டனர் என்பதைக் கல்வி ஆய்வாளர் டக்ளஸ் வில்ம்ஸ் எடுத்துக்காட்டினார். குரோல், லீ ஆகியோரின் அறிக்கையை ஏற்று அரசு தொடக்கநிலை அமிழ்வை நீக்கப்போவதாக அறிவித்தது.

பெற்றோர் தெருவில் இறங்கினர், நீதிமன்றம் சென்றனர். போதிய கருத்துக்கேட்பு நடக்கவில்லை என்று நீதிமன்றம் கூறவே, அரசு பின்வாங்கி, அமிழ்வு மூன்றாம் வகுப்பில் தொடங்கும் என்று மாற்றியது. 2017இல் அது மீண்டும் முதல் வகுப்புக்கு வந்தது. 2023இல் அமிழ்வுக்குப் பதிலாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே திட்டம் கொண்டுவர மற்றோர் அரசு முயன்றது. எதிர்ப்பால் அதுவும் கைவிடப்பட்டது.

இந்தச் சர்ச்சையில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஒரு தரப்பு, வகுப்புகள் பிரிந்து ஏற்றத்தாழ்வு வளர்வதைச் சுட்டியது. மறு தரப்பு, அதற்குக் காரணம் அமிழ்வு அன்று, அமிழ்வு வகுப்பில் உதவி இல்லாமையே என்றது. உதவி இல்லாததால் தடுமாறுபவர்கள் வெளியேறுகிறார்கள். அவர்கள் வெளியேறியதால் அமிழ்வு வகுப்பு உயர்ந்தோர் வகுப்பாகத் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தைக் காட்டி, அங்கே உதவி தேவையில்லை என்று முடிவெடுக்கப்படுகிறது.

வாசிப்பு ஆய்வுகள் காட்டிய வழி

ஒரு பிள்ளை பிரெஞ்சில் வாசிக்கத் தடுமாறுமா என்பதை எப்படி முன்கூட்டி அறிவது? பூனையைக் குறிக்கும் 'ஷா' என்ற பிரெஞ்சுச் சொல் நான்கு எழுத்துகளால் எழுதப்படும். கடைசி எழுத்து ஒலிக்காது. அதே நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில் 'சாட்' என்று வாசித்தால் அரட்டை என்று பொருள். இரு மொழிகளின் எழுத்து விதிகளும் வேறு. எனினும் வாசிப்புக்கு அடிப்படையான ஒரு திறன் இரண்டுக்கும் பொது. ஒரு சொல்லைக் கேட்டு அதை ஒலிகளாகப் பிரிக்கவும், ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கவும் தெரிவதே அத்திறன். இது ஒலியன் உணர்வு எனப்படும்.

முதல் வகுப்பின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடத்தும் ஒலியன் உணர்வுச் சோதனையைக் கொண்டே, பின்னர் பிரெஞ்சு வாசிப்பில் தடுமாறக்கூடிய பிள்ளைகளைப் பெருமளவு கண்டுகொள்ளலாம் என்று 2004இல் வெளிவந்த கனடிய ஆய்வு காட்டியது. அத்தகைய பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒலிப் பயிற்சி கொடுப்பதும் பயன் தரும் என நான்சி வைஸ், சி சென் ஆகியோர் 2010இல் எழுதினர். ஒரு மொழியில் பெற்ற ஒலித் திறன் மற்ற மொழிக்கும் செல்கிறது.

இந்த முடிவின் நடைமுறைப் பயன் பெரிது. பிரெஞ்சு பேசும் சிறப்பாசிரியர் கிடைக்கவில்லை என்பதால் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் ஏற்கனவே உள்ள ஆங்கிலச் சிறப்பாசிரியரே மழலையர் வகுப்பிலேயே சோதித்துப் பயிற்சியைத் தொடங்கலாம்.

குடியேறிய குடும்பங்களும் தமிழரும்

வீட்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத மொழி பேசும் பிள்ளைகளை அமிழ்வில் சேர்க்க வேண்டாம் என்று பல பள்ளிகள் நெடுங்காலம் அறிவுறுத்தின. முதலில் ஆங்கிலம் வரட்டும் என்பது காரணம். ஒன்டாரியோவில் கேலி மேடி நடத்திய ஆய்வுகள் இதற்கு ஆதாரமில்லை எனக் காட்டின. குடியேறிய குடும்பங்களின் பன்மொழிப் பிள்ளைகள் பிரெஞ்சில் பின்தங்கவில்லை. சில அளவீடுகளில் மற்றவர்களை முந்தவும் செய்தனர்.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் டொராண்டோவிலும் மாண்ட்ரியாலிலும் பெருமளவில் குடியேறினர். இரு நகரங்களிலும் அவர்கள் பிள்ளைகளின் கல்வி வேறுவேறு வழியில் சென்றது. ஒன்டாரியோவில் அமிழ்வு ஒரு விருப்பத் தெரிவு. மாண்ட்ரியாலில் 101ஆம் சட்டத்தின்படி குடியேறியோரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர வேண்டும். பிரெஞ்சு அறியாத பிள்ளைகள் முதலில் வரவேற்பு வகுப்பு எனப்படும் தனி வகுப்பில் மொழி கற்று, பின் பொது வகுப்புக்குச் செல்வர். வீட்டில் தமிழும், பள்ளியில் பிரெஞ்சும், தெருவிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலமும் கொண்டு வளர்ந்த தலைமுறை இவ்வாறு உருவானது.

லாம்பர்ட்டின் கூட்டல், கழித்தல் பாகுபாடு இங்கே பொருந்துகிறது. செயின்ட் லாம்பர்ட் பிள்ளைகளின் ஆங்கிலத்தை யாரும் காக்க வேண்டியிருக்கவில்லை. தமிழ்ப் பிள்ளையின் தமிழ் அப்படியல்ல. வீடும் வார இறுதி வகுப்பும் தாங்கினால்தான் நிற்கும். ஒன்டாரியோ அரசு 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டம் பின்னர் தமிழ் வகுப்புகளுக்கும் இடமளித்தது.

மதிப்பீடு

வேற்று மொழியில் பாடம் படித்தால் பிள்ளையின் அறிவும் தாய்மொழியும் கெடும் என்ற அச்சத்தை, தாய்மொழி சமூகத்தில் வலுவாக நிற்கும் சூழலில், அமிழ்வுக் கல்வி பொய்யாக்கியது. தாய்மார்கள் சிலர் தொடங்கிய முயற்சி ஒரு நாட்டின் கல்விக் கொள்கையை மாற்றியது என்பதும் அதன் வரலாற்றுச் சிறப்பு. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்று சொல்லப்பட்ட திட்டம், தடுமாறும் பிள்ளையை நெடுங்காலம் வாசலுக்கு அனுப்பியது. அப்படி அனுப்ப ஆய்வில் ஆதாரம் இல்லை என்பது 1982இலேயே தெரிந்தும், வழக்கம் முற்றிலும் மாறவில்லை. ஆள் தட்டுப்பாடும் நிதியும் பழைய நம்பிக்கையும் அதற்குக் காரணங்களாக உள்ளன.

இன்று ஆய்வாளர்களிடையே ஏறத்தாழ ஒருமித்த கருத்து உண்டு. கற்றல் குறைபாடு இருப்பது மட்டுமே ஒரு பிள்ளையை அமிழ்வு வகுப்பிலிருந்து நீக்கப் போதிய காரணமாகாது. முன்கூட்டியே சோதித்தல், வகுப்பிலேயே உதவி, இரு மொழிகளில் எதில் கிடைத்தாலும் அதில் பயிற்சி, பெற்றோருடன் ஒளிவுமறைவற்ற பேச்சு ஆகியவை முதலில் தேவை. அவை அனைத்தும் அளித்த பின்னும் பிள்ளை துன்புற்றால், அப்போது மாற்றத்தைப் பற்றி எண்ணலாம். செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல் கேட்கப்பட்டது பிள்ளைகளால் முடியுமா என்ற கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டது. பள்ளிகளால் முடியுமா என்பதே மீதமுள்ள கேள்வி.